எதிர்ப் பெட்டி

மூச்சை இழுங்க, அப்படியே பிடிச்சுக்கங்க என்று காதுக்குள் ஸ்கேன் எடுக்கிற ரெஜினாவின் குரல் சொல்கிறது, இழுத்துப் பிடிக்கிறேன், உடனே தலைக்குப் பின்னால் யாரோ தகரக் கதவை உதைக்கிற மாதிரி இயந்திரம் உதைக்கத் தொடங்குகிறது, எண்ணுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, பதினாறு வரைக்கும் போகும் என்று இப்போது தெரிந்துவிட்டது, பதினேழில் விடச் சொல்வாள், சொல்லிவிட்டாள், விடுகிறேன். இது ஐந்தாவது தடவை. மொத்தம் நாற்பது நிமிஷம், அசையவே கூடாது, அசைந்தால் மறுபடி முதலிலிருந்து என்று படுக்க வைக்கும்போதே சொன்னாள். வயிற்றின் மேல் ஒரு கனமான பட்டையை வைத்து வாரால் இறுக்கி, காதில் ஹெட்போன் மாட்டிவிட்டு, வலது கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்தாள். முடியலேன்னா இதை அமுக்குங்கம்மா, உடனே வெளிய எடுத்துடுவேன், ஆனா முடிஞ்ச வரைக்கும் அமுக்காம இருங்க. எதைக் கொடுத்தாலும் ஒரு ‘ஆனா’வோடு கொடுப்பதுதானே நம் வழக்கம். கண்ணைத் திறந்தால் மூக்குக்கு நான்கு விரல் மேலே வெள்ளைக் கூரை. அதனால் திறப்பதில்லை. முப்பது வருஷமாகக் கழற்றாத மூக்குத்தியைத் தேங்காய் எண்ணெய் போட்டுக் கழற்றி ஒரு பொட்டலத்தில் மடித்து வெளியே வைத்துவிட்டார்கள், அந்த ஓட்டை வழியாக இத்துனூண்டு குளிர் உள்ளே போகிறது, சொறியவேண்டும் போல இருக்கிறது, சொறியக் கூடாது. கோகிலவாணி, வயது நாற்பத்தேழு, தம்பிக்குச் சிறுநீரகம் தரப்போகிறவர் என்று என் சீட்டில் எழுதியிருக்கிறது. தரப்போகிறவர் என்று யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எழுதியிருக்கிறது, அவ்வளவுதான்.

வெளியே வராந்தாவில் பூபதி உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் அவன் மனைவி சுகன்யா. பூபதி எனக்கு மூன்று வயது இளையவன், இப்போது பார்த்தால் பத்து வயது மூத்தவன் என்பார்கள், முகம் ஊதி, கால் ஊதி, இடது கையில் டயாலிசிஸ் ஊசி போட்டுப் போட்டு நரம்பு கயிறாகப் புடைத்து. செவ்வாயும் வெள்ளியும் போய் நாலு மணி நேரம் படுத்திருக்கிறான். அவனை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை, அதில் பொய்யில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்பாங்க என்று அம்மா போனில் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள். ஆடக் கூடாது என்றுதானே, அம்மா, என்னைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை எடுத்த அன்றும் தர இஷ்டமா என்று யாரும் கேட்கவில்லை, சுகன்யா கூப்பிட்டு, அண்ணி, புதன்கிழமை ஸ்கேனுக்குச் சொல்லியாச்சுங்க, காலையில ஒண்ணும் சாப்பிடாம வந்துருங்க என்றாள். நானும் வேலை செய்கிற பனியன் கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு, ஒன்றும் சாப்பிடாமல் வந்துவிட்டேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கேட்டுச் செய்யவேண்டிய புருஷன் பிள்ளை கிடையாது, அவளுக்கென்ன தனிக்கட்டை என்று சொந்தத்தில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள். கேட்டது ஒரே ஒரு ஆள்தான், டாக்டர். போன வாரம் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, இங்க பாருங்கம்மா, உங்களுக்கு இஷ்டமில்லேன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்க, பொருந்தலைன்னு எழுதிடுவோம், ஏன் எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது, இது எல்லார்கிட்டயும் சொல்றதுதான் என்றார். ஸ்கேன் முடிந்ததும் வந்து சொல்லுங்க என்றார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. கதவு இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கலாம், பழகிப்போகும். இதோ பார் இங்கே ஒரு கதவு என்று காட்டிவிட்டார் அந்த மனுஷன்.

மூச்சை இழுங்க. இழுத்தேன். ஒன்று, இரண்டு. சின்ன வயசில் ராட்டினத்தில் மேலே போய் நிற்கும்போதும் நான் இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், யாரும் சொல்லித் தரவில்லை. சந்திரலோகம் என்று ஒரு பார்க், பெருந்துறை ரோட்டில், பெரிய தகர நிலா ஒன்று வாசலில் வாயைப் பிளந்து சிரித்துக்கொண்டிருக்கும், அந்த வாய் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். உள்ளே பெரிசாக ஒன்றும் கிடையாது. மரக்குதிரை ராட்டினம், மோதுகிற கார் எட்டு, வளைத்து வளைத்துக் காட்டும் கண்ணாடி ரூம், ஒரு பேய் வீடு, அதில் பேயாக இருந்தவர் மத்தியானத்தில் முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு எங்கள் அப்பாவோடு தாயம் விளையாடுவார். அப்புறம் ஜெயண்ட் வீல், பன்னிரண்டு பெட்டி, அதை ஓட்டியவர் எங்கள் அப்பா சென்னியப்பன். விட்டேன், பதினேழு. ஈரோட்டில் என் வயசுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், சந்திரலோகம் என்றதும் முகம் மலரும், அங்கேதான் முதன்முதலில் பஞ்சு மிட்டாய் தின்றேன் என்பார்கள், அந்த நிலா வாயில் நின்று போட்டோ எடுத்தோம் என்பார்கள். நான் சிரித்துவைப்பேன். பஞ்சு மிட்டாய் தின்ன வந்தவர்களுக்கு அது பார்க். எனக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் போகிற இடம், லீவு நாளில் காலையிலேயே போகிற இடம். ஜெயண்ட் வீலில் ஆளை ஏற்றுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு பெட்டியில் ஆள் ஏறினால் நேர் எதிர்ப் பெட்டியிலும் ஏறவேண்டும், இரண்டாம் நம்பரில் ஏறினால் எட்டாம் நம்பரில். இல்லாவிட்டால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு மோட்டார் திணறும், பெல்ட் வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இது பிரச்சினையே இல்லை. சாதாரண நாளில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி மட்டும் வரும், எதிர்ப் பெட்டியில் போட ஆள் இருக்காது. மணல் மூட்டை போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார் அப்பா. முதலாளி பார்த்துவிட்டு, எதிர்ல மூட்டையைப் பார்த்தா ஏறறவன் பயப்படுவான் சென்னியப்பா, மனுசனைப் பார்த்தாத்தான் தைரியம் வரும் என்று சொல்லிவிட்டார். அதனால் இரண்டு மூட்டையைக் காலடியில் போட்டுச் சாக்கால் மூடி, அதன்மேல் கால் வைத்து என்னை உட்கார வைத்தார். பத்து வயதில் நான் நல்ல கனம். அம்முணி, ஏறிக்க கண்ணு, ரெண்டு சுத்துதான் என்பார். ரெண்டு சுத்து என்பது அப்பா அகராதியில் சாயங்காலம் வரைக்கும்.

பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து எல்லோரும் ஏங்கினார்கள். ஓசியில், தினம், எத்தனை தடவை வேண்டுமானாலும். நானும் ராணி மாதிரிதான் சொல்லிக்கொள்வேன். முதல் ஒரு மாதம் எனக்கே இனித்தது, நான் இல்லாவிட்டால் ராட்டினம் சுற்றாது என்கிற கர்வம் வேறு. அப்புறம் புரிந்துவிட்டது. எதிர்ப் பெட்டிக்காரர்கள் கீழே இருக்கும்போது நான் மேலே இருப்பேன். அவர்கள் கீழே இறங்கிப் போகிற நேரத்தில், சிரித்து, சேலையைச் சரிசெய்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொள்கிற நேரமெல்லாம் நான் உச்சியில் நிற்கவேண்டும். அடுத்த ஜோடி வந்துவிட்டால் அப்படியே ஏற்றிக்கொள்வார்கள், என்னை இறக்கி ஏற்ற மாட்டார்கள், எதற்கு வீணாக. வீட்டுப்பாடம் அங்கேதான் எழுதினேன், வாய்ப்பாடு அங்கேதான் மனப்பாடம் செய்தேன், பதினாறு வாய்ப்பாடு இன்றைக்கும் சொன்னால் வயிறு ஒரு தடவை ஏறி இறங்குகிறது. கீழே பூபதி ஓடிக்கொண்டிருப்பான். நோஞ்சான், சளி மார்பு, அவனைப் பெட்டியில் போட்டாலும் ஒன்றும் எடை காட்டாது, அதனால் அவனுக்கு எல்லா இடமும் திறந்திருந்தது, மோதுகிற கார் ஷெட், கண்ணாடி ரூம், பேய் வீட்டின் பின்கதவு. மேலிருந்து பார்த்தால் அவன் உச்சந்தலைச் சுழி தெரியும். ரெஜினா ஏதோ சொல்கிறாள், நல்லா பண்றீங்கம்மா என்கிறாள், அசையவே இல்ல நீங்க, எல்லாரும் இப்படி இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும் என்கிறாள். ஆமாம் தாயே, எனக்கு அதில் பயிற்சி அதிகம். பட்டை வயிற்றை அமுக்குகிறது. இதற்குக் கீழேதான் இரண்டும் இருக்கின்றன, ஆளுக்கொரு பக்கம், இத்தனை வருஷம் சத்தம் போடாமல் வேலை செய்துகொண்டு. எதை எடுப்பார்கள், இடதா வலதா? ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது கொஞ்சம் பெரிசாகிவிடும் என்று டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பிழைத்துக்கொள்வேன். பயம் அதில்லை. அறுவை என்றால் பயம்தான், இல்லையென்று சொல்லவில்லை, மயக்க மருந்து கொடுத்து எழுப்ப மறந்துவிட்டால் என்ன செய்வது என்றுகூட அசட்டுத்தனமாக யோசித்தேன். மறந்துவிட்டால். இதோ, வரக்கூடாது என்று நினைத்த இடத்துக்கே வந்து நிற்கிறேன்.

பார்க் இப்போது இல்லை. பெரிய ஊர்களில் தண்ணீர்ச் சறுக்கு வைத்த பார்க்குகள் வந்தபிறகு கூட்டம் குறைந்து, குறைந்து, ஒரு நாள் மூடிவிட்டார்கள். ராட்டினத்தை வெட்டி இரும்புக்குப் போட்டார்கள். அந்த இடத்தில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டு, இப்போது வீடுகள், நடுவில் ஒரு மளிகைக் கடை. வேலைக்குப் போகும் பஸ் தினமும் அந்த வழியாகத்தான் போகிறது, நான் வலது பக்க ஜன்னலில் உட்காருவேன், இடது பக்கம் பார்க்காமல் இருக்க. ஒரு பெட்டி மட்டும் தப்பித்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் பஞ்சர் கடைக்காரர் ஒருவர் அதை வாங்கி, வருகிறவர்கள் உட்காரக் கடை வாசலில் போட்டிருந்தார், ஒரு தடவை ஸ்கூட்டிக்குக் காற்றுப் பிடிக்க நின்றபோது பார்த்தேன், பச்சைப் பெயிண்டுக்கு அடியில் எட்டு என்று லேசாகத் தெரிந்தது. உக்காருங்கக்கா என்றார். பரவாயில்லைங்க என்று வெயிலில் நின்றேன். எட்டு எத்தனை பார்க்கில் எத்தனை ராட்டினத்தில் இருக்கும், அது என் எட்டுதான் என்று என்ன நிச்சயம். என் எட்டுதான். சாக்குக்கு அடியில் இருந்த பலகையில் காம்பஸ் முள்ளால் நான் பதினாறு வாய்ப்பாட்டைக் கீறி வைத்திருந்தேன், போய்த் தடவிப் பார்த்திருக்கலாம். மூச்சை இழுங்கம்மா. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.

அன்றைக்கு வியாழக்கிழமை, காலாண்டு லீவு. திருப்பூரிலிருந்து வந்த ஒரு ஜோடி, அந்த அக்கா நீலச் சேலை. மூன்று மணி இருக்கும், கரண்ட் போய்விட்டது. அப்பாவும் பேய் வேஷக்காரரும் சக்கரத்தைக் கையால் தள்ளி இரண்டாம் நம்பரைக் கீழே கொண்டுவந்து, பிரேக்கைப் போட்டு, அந்த ஜோடியை இறக்கினார்கள். நான் நேர் உச்சியில். எனக்குக் கவலையில்லை. எதிரே பாரம் இறங்கிவிட்டால் பிரேக்கை விட்டு லேசாக ஒரு தள்ளு தள்ளினால் போதும், என் கனத்திலேயே நான் இறங்கி வந்துவிடுவேன், அப்பா அதைப் பெருமையாகச் சொல்வார், எங்க அம்முணிக்கு மோட்டாரே வேண்டாம் என்பார். அப்போதுதான் மரக்குதிரை ராட்டினப் பக்கம் கத்தல். பூபதி குதிரை மேல் நின்று குதித்திருக்கிறான், கம்பியில் நெற்றி மோதிப் பிளந்துவிட்டது. மேலிருந்து பார்த்தேன், சின்னதாக ஒரு சிவப்பு, அப்புறம் பெரிதாக. அப்பா ஓடினார். துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார், பேய் வேஷக்காரர் மொபெட்டை எடுத்தார், அப்பா பின்னால் ஏறினார், நிலா வாய் வழியாகப் போனார்கள். பிரேக் போட்டபடி நான் மேலே. இரண்டே முக்கால் மணி நேரம். பதினேழு, விட்டேன், விட்டேனா? விட்டேன். அப்பா பதட்டத்தில் மறந்துட்டாரு என்பதுதான் எங்கள் வீட்டில் இந்தக் கதை, விசேஷத்துக்கு விசேஷம் சொல்லிச் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். பாவம், பையனுக்கு ரத்தம் கொட்டுது, அந்த நேரத்துல யாருக்கு நினைப்பிருக்கும் என்பாள் அம்மா. ஆமாம். ஆனால் அப்பா மறக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அப்பா செத்த அன்றுகூட. மொபெட்டில் ஏறுவதற்கு முன்னால் அவர் திரும்பினார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கையைத் தூக்கி, உள்ளங்கையைக் காட்டினார். இரு என்று. அவ்வளவுதான். ஓடி வந்து பிரேக்கை விட ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷத்தில் பூபதி செத்திருப்பானா? அப்படி நினைத்திருப்பார், அப்பா மேல் குற்றமில்லை, நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். மறந்திருந்தால் தேவலை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன். மறந்துபோனால் நான் ஒரு பிள்ளை, ஞாபகம் இல்லாமல் போன பிள்ளை. ஞாபகம் வைத்துக்கொண்டே இரு என்றால் நான் மூட்டைதானே. நான் இருந்தேன். சத்தம் போடவில்லை. டிக்கெட் கவுண்டரில் ஆள் இருந்தது, ஐஸ் வண்டிக்காரர் இருந்தார், கூப்பிட்டிருந்தால் யாராவது வந்திருப்பார்கள். அப்பா இரு என்று சொல்லியிருக்கிறாரே என்று இருந்தேன். வெயில் இறங்கியது, காற்றில் பெட்டி லேசாக ஆடியது, நாலரை மணி வரைக்கும் அடக்கினேன், அப்புறம் அடக்க முடியவில்லை, பாவாடை நனைந்து, மணல் மூட்டை நனைந்து. அஞ்சே முக்காலுக்கு அப்பா வந்தார், தோளில் கட்டுப் போட்ட தலையோடு பூபதி தூங்குகிறான். ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பிரேக்கை விட்டுத் தள்ளினார். என் கனத்திலேயே நான் இறங்கி வந்தேன். ஈரத்தைப் பார்த்தார். தன் துண்டாலேயே பெட்டியைத் துடைத்தார். வீட்டில் அம்மாவிடம், தங்கமான புள்ள, ஒரு சத்தம் போடல தெரியுமா என்றார். அந்தத் தங்கத்தைத்தான் இத்தனை வருஷமாக எல்லோரும் உரசிக்கொண்டிருக்கிறார்கள்.

டாக்டரிடம் போய்ப் பொருந்தலைன்னு எழுதிடுங்க என்று சொல்லிவிடலாம். சுகன்யா அழுவாள், அம்மா அழுவாள், என் தலையைத் தடவி, நீ என்ன பண்ணுவ கண்ணு, உன்ற உடம்பு ஒத்துக்கலையே என்பாள். எடை பத்தவில்லை என்று இறக்கிவிட்ட மாதிரி. அப்போதும் நானாக இறங்கியதாக இருக்காது. சரி, கொடுத்துவிடலாம், தங்கமான புள்ள என்பார்கள், இன்னொரு நாற்பது வருஷம். பூபதி பிழைத்துக்கொள்வான், பிழைக்கவேண்டும், அவன் இல்லாத உலகத்தில் எனக்கு என்ன இருக்கிறது, அந்தச் சுழி, அந்தத் தழும்பு. கொடுக்க இஷ்டமா? இஷ்டம்தான் என்று தோன்றுகிறது. உடனே ஒரு உள்ளங்கை வந்து இரு என்கிறது, அது இஷ்டமா அந்தக் கையா என்று தெரியவில்லை. எப்படித் தெரிந்துகொள்வது? மேலேயே உட்கார்ந்துகொண்டிருந்தால் தெரியாது. மூச்சை இழுங்க. இழுக்கவில்லை. அம்மா, மூச்சை இழுங்க. என் வலது கையில் ஒரு பந்து இருக்கிறது, வியர்த்து வழுக்குகிறது. நாற்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக நான் கூப்பிட்டேன். அமுக்கினேன். என்னாச்சுங்கம்மா என்றாள் ரெஜினா, இன்னும் எட்டே நிமிஷம்தான், கொஞ்சம் பொறுத்துக்கங்க, முடிச்சிடலாம் என்றாள். மறுபடி அமுக்கினேன். அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

“எறக்குங்க” என்றேன். இயந்திரம் நின்றது, படுக்கை நகர்ந்தது, கூரை போய் விளக்கு வந்தது. ரெஜினா கோபப்படவில்லை, வாரை அவிழ்த்து, தண்ணீர் கொடுத்து, எடுத்ததெல்லாம் வீண், இன்னொரு நாள் முதலிலிருந்து எடுக்கணும்மா, பரவாயில்ல, பயந்துக்காதீங்க என்றாள். அமுக்கினால் வருகிறார்கள். இவ்வளவுதானா என்றிருந்தது. ஆஸ்பத்திரி கவுனோடு, வெறும் காலோடு, கையில் மூக்குத்திப் பொட்டலத்தோடு வராந்தாவுக்கு வந்தேன். பூபதி எழுந்தான், எழ அவனுக்கு இரண்டு முயற்சி ஆனது. முடிஞ்சுதாங்க்கா என்று கேட்டான். இல்லை, பாதியில் இறங்கிவிட்டேன் என்றேன். சுகன்யாவின் முகம் வெளுத்தது, என்ன ஏதென்று கேட்க உள்ளே ஓடினாள். சந்திரலோகத்து ராட்டினம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். என்ன இந்த நேரத்தில் என்பது போலப் பார்த்தான். அப்புறம், மறக்குமா, அப்பா உன்னை மட்டும்தான் ஏற்றுவார், நான் அழுது புரண்டாலும் கனம் பத்தாது போடா என்று விரட்டிவிடுவார், உன்மேல் எனக்கு அவ்வளவு பொறாமை, ஒரு நாள் உன்னை மாதிரி மேலே ஏறவேண்டும் என்றுதான் அந்தக் குதிரை மேல் ஏறி நின்றேன் என்றான். இது எனக்குத் தெரியாது. நெற்றித் தழும்பைப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

“ஏறறியான்னு என்னைய யாரும் கேட்டதில்ல பூபதி” என்றேன். “ஒரு நாளும் கேட்டதில்ல.”

அவன் தன் புடைத்த கையைத் தடவிக்கொண்டான். சுகன்யா உள்ளே பேசுவது கேட்டது. அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவன் தோள் இறங்கியதிலேயே தெரிந்தது.

“நானும் கேக்கலீல்ல” என்றான். “கேட்டா மாட்டேன்னு சொல்லிப்போடுவியோன்னு பயமா இருந்துச்சுங்க்கா.” அப்புறம் என் கண்ணைப் பார்த்துக் கேட்டான். “உன்ற கிட்னி ஒண்ணு எனக்குக் குடுக்கறியாக்கா?”

சரிடா என்பது வாய் வரைக்கும் வந்தது. பழக்கம். அதைப் பிடித்து நிறுத்தினேன், பதினாறு வரைக்கும் எண்ணினேன், அவன் காத்திருந்தான்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்றேன். “வெள்ளிக்கிழமை நீ டயாலிசிஸ் முடிஞ்சு வர்றப்ப வீட்டுக்கு வர்றேன். எதுவா இருந்தாலும் நான்தான் சொல்லுவேன். டாக்டர் சொல்ல மாட்டாரு.”

அவன் முகம் வாடியது. என் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று ஆடியது, நன்றாகவே ஆடியது, அதற்காக நான் வாயைத் திறக்கவில்லை. சரிங்க்கா என்றான். அவனால் அதற்குமேல் நிற்க முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்தான். எதிர்ச் சுவரை ஒட்டி இன்னொரு பெஞ்சு காலியாகக் கிடந்தது. நான் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பொட்டலத்தைப் பிரித்து மூக்குத்தியை மாட்டப் பார்த்தேன், ஓட்டை எங்கேயென்று தெரியவில்லை, பூபதி சாய்ந்து பார்த்து இன்னும் கொஞ்சம் மேலேக்கா என்றான்.